பாலுக்குள் தெரிந்த நிழல்

அடுப்பில் பால் வைத்திருந்தபோது தொலைபேசி அடித்தது. காலை அந்த நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு யாரும் பேசமாட்டார்கள். எடுத்தால் வன்னியம்பட்டியிலிருந்து ரோஸ்லின். "டீச்சர், அண்ணன் போயிட்டாவ. தூக்கத்துலயே போயிட்டாவ. மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுதேன்" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். திரும்பி வந்து பார்த்தபோது பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்து கிடந்தது.

ரோஸ்லின், தனசிங் சாரின் ஒரே தங்கை. அண்ணனுடைய சாவை அவள் வாயால் கேட்டேன் என்பதை நினைத்து நினைத்து அன்று முழுவதும் என் மனம் ஆறவில்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் சாரும் பயந்தது வேறு செய்திக்கு. ஒருநாள் கல்லூரிக்கு வந்து, "தங்கச்சி போயிட்டா டீச்சர்" என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று நான் காலையில் பேருந்தை விட்டு இறங்கும்போதே அவர் முகத்தைத்தான் தேடுவேன்.

சாரை அறிந்த நீங்கள்தான் இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கப்போகிறீர்கள். அவர் ராஜபாளையத்தில் எங்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர், நான் வேதியியல். ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். அவருடைய ஆய்வகமும் என்னுடையதும் எதிரெதிரே. ஆகவே அவர் விசில் அடிப்பதும், நான் பாத்திரம் உடைப்பதும் ஒருவருக்கொருவர் தெரியாமல் போகாது.

அவரிடம் படித்தவர்களுக்கெல்லாம் அந்தக் கரும்பலகையின் வலது மூலை நினைவிருக்கும். வகுப்பில் யாராவது கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அதை அந்த மூலையில் எழுதி, அதன் கீழே 'தெரியாது' என்று எழுதுவார். விடை கிடைக்கும்வரை யாரும் அதை அழிக்கக்கூடாது. சில கேள்விகள் பருவம் முடியும்வரை அங்கேயே இருக்கும். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. சம்பளம் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் முன்னால் தெரியாது என்று எழுதிப்போட வெட்கமாக இல்லையா என்று ஒருநாள் நேராகவே கேட்டேன். அவர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "தெரியாதத தெரியும்னு சொல்லிட்டா, பொறவு எப்ப டீச்சர் தெரிஞ்சுக்கிடறது?" என்றார். அன்று முழுவதும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுவில், ஒரு கோடையின் தொடக்கத்தில், அவர் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். துருவித் துருவிக் கேட்டபிறகு சொன்னார். ரோஸ்லினுக்கு மார்பில் ஒரு கட்டி. பல மாதம் மறைத்து வைத்திருந்துவிட்டு, அண்ணியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். ராஜபாளையத்து டாக்டரம்மா கைவைத்துப் பார்த்துவிட்டு, மதுரைக்குப் போய்க் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தால்தான் எதையும் சொல்லமுடியும் என்று சொல்லிவிட்டார். ரோஸ்லின் போகமாட்டேன் என்கிறாள். அவர்களுடைய அத்தை ஒருத்தி இதே மாதிரி கட்டிக்கு மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பாதவள். ரோஸ்லினுக்குக் கத்தி என்றால் அந்த அத்தைதான்.

"கத்தி வைக்காம உள்ள பாக்க வழியே இல்லையாண்ணே? நீங்க வெளிச்சத்தப் பத்தித்தானே அம்புட்டு வருசம் படிச்சீய?" என்று அவள் கேட்டிருக்கிறாள். அவர் வழக்கம்போல, தெரியாது, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தப் 'பார்க்கிறேன்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

கரண்ட் போன நேரத்தில் டார்ச் விளக்கை உள்ளங்கைக்கு அடியில் வைத்துப் பார்க்காத பிள்ளை கிடையாது. கை சிவப்பாக ஒளிரும். நீலம், பச்சையெல்லாம் சதைக்குள் செத்துப்போகும். சிவப்பு மட்டும் மறுபக்கம் வந்து சேரும். ஆனால் எலும்புகூட அதில் தெரியாது. சதைக்குள் நுழைந்த ஒளி நேரே வருவதில்லை, கூட்டத்தில் மாட்டியவரைப்போல இடித்து இடித்து எங்கெங்கோ சுற்றிவிட்டு வருகிறது. வெளிநாட்டில் விளக்கு வெளிச்சத்தில் மார்பகத்தைப் பார்க்கிறார்கள் என்று சார் படித்திருந்தார். கட்டியும் சுற்றியுள்ள சதையும் ஒளிக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால் நிழல் விழாது, அதுதான் சிக்கல் என்றும் படித்திருந்தார்.

வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் முன்னால் வெள்ளையாக ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுப்பார்களே, அதைப்போல ஒளிக்கும் ஒன்று வேண்டும் என்றேன் நான். கட்டியைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு அதை மட்டும் இருட்டாக்குகிற ஒன்று. கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாகவும், அதே சமயம் நிறம் அடர்த்தியாகவும் இருக்கிற பொருள் எது என்று அவர் கேட்டார். பொன் என்றேன். பொன்னை மிக நுண்ணிய துகளாக்கி நீரில் மிதக்கவிட்டால் மாதுளைச் சாறு நிறம் வரும், எம்.எஸ்ஸி. படிக்கும்போது செய்திருக்கிறேன். நுண்ணோக்கியில் செல்களை அடையாளம் காண அத்தகைய பொன்துகளை ஒட்டவைக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். நானோ என்ற சொல்லை அப்போது நாங்கள் கேட்டதில்லை. கூழ்மம் என்றுதான் சொல்வோம்.

மறுநாள் அவர் தன் பல்கலைக்கழகத் தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கரைத்துவிடுங்கள் என்றார். நான் அதை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எடுத்துப்போய்த் தெரிந்த ஆசாரியிடம் காட்டினேன். அவர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மேலே முலாம், உள்ளே வெள்ளி என்றார். செய்தி கேட்டு சார் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க அம்மா இத நகையோட நகையா பூட்டி வச்சிருந்தாவளே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கடைசியில், ஜோடி தொலைந்து என்னிடம் ஒற்றையாகக் கிடந்த கம்மலைத்தான் பொன்னையும் கரைக்கிற அமிலமான ராஜதிராவகத்தில் போட்டோம். அதிலிருந்த செம்பைப் பிரித்துப் பொன்னை மட்டும் எடுப்பது என் வேலை.

சதைக்குப் பதில் பால். இது சாரின் யோசனை. ஒளியைச் சிதறடிப்பதில் பாலும் சதையும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. பாலில் தண்ணீர் கலந்து, கடல்பாசி போட்டுக் காய்ச்சி, செங்கல் அளவுக்கு உறையவைப்போம். நடுவில் பட்டாணி அளவுக்கு அதே பால் கடல்பாசியில் ஓர் உருண்டை, அதுதான் கட்டி; பொன் கூழ்மத்தை அந்த உருண்டையில் மட்டும் கலப்போம். பால்கோவா ஊரில் பாலுக்குப் பஞ்சமா? தினமும் காலையில் தூக்குவாளியோடு நான் பேருந்து ஏறுவேன். நடத்துநருக்கு நான் கல்லூரியில் டீக்கடை வைத்திருப்பதாகவே எண்ணம். பொன் சேராத பால்கட்டிகளை சார் சர்க்கரை போட்டு எல்லோருக்கும் வெட்டிக் கொடுப்பார். பொன் சேர்ந்ததை மட்டும் அலமாரியில் பூட்டிவைப்பார்.

போட்டோ ஸ்டுடியோவில் இரவல் வாங்கிய சிவப்புக் கண்ணாடியை ஸ்லைடு புரொஜெக்டர் முன்னால் வைத்து, ஆய்வகத்தின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. எத்தனை முறை செய்தாலும் தெரியவில்லை. என் பொன் கூழ்மம் அவ்வளவு அழகான சிவப்பு. சிவப்பாக இருக்கிற பொருள் சிவப்பு ஒளியைத் தடுக்காமல் போகவிடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். இரண்டு பேராசிரியர்களுக்கு அது உறைக்க இரண்டு வாரம் ஆனது.

இதற்குள் ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்ததும் அவர் வன்னியம்பட்டிக்குப் போய்த் தங்கையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். மதுரைக்குப் போவோம் வா என்பார். "ஒங்க லைட்டு ரெடியாகட்டும்ணே, பொறவு பாப்போம்" என்பாள் அவள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாம் பாலில் விளையாடுகிற ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டி வளர்கிறது, உங்கள் விளக்கு அவளுக்கு ஒரு சாக்காகிவிட்டது, இதை மூட்டை கட்டுங்கள் என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தினால் அவளுடைய ஒரே நம்பிக்கையும் போய்விடும், நிறுத்தாவிட்டால் நாள் போய்விடும். என்ன செய்வதென்று தெரியவில்லை என்றார். அந்தத் 'தெரியவில்லை'யை மட்டும் அவர் கரும்பலகையில் எழுதவில்லை.

அப்போதுதான் தண்ணீர்க் கூத்து நடந்தது. அந்தக் கோடையில் கல்லூரிக் குழாயில் நல்ல தண்ணீர் வரவில்லை. கிணற்றில் இருந்தது உப்புத் தண்ணீர். மறுதேர்வு எழுத வந்த பெண்பிள்ளைகள் தாகத்தில் வாடுவதைப் பார்த்த சார், என் ஆய்வகத்து ஜாடியில் நான் பாடுபட்டு வடித்து வைத்திருந்த தூய நீரை ஆளுக்கொரு தம்ளராக ஊற்றிக் கொடுத்துவிட்டார். வெறும் ஜாடியை வைத்தால் நான் திட்டுவேன் என்று கிணற்றுத் தண்ணீரை நிரப்பிவைத்தார். சொல்ல மறந்தார். நான் வந்து அந்த நீரை எடுத்துப் பொன் கூழ்மத்தில் ஊற்றினேன். என் கண்ணெதிரே மாதுளைச் சிவப்பு ஊதாவாகி, ஊதா நீலமாகிவிட்டது. உப்பு பட்டால் தனித்தனியாக மிதக்கிற துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் நிறம் மாறும். என் கம்மல் முழுவதும் பாழ் என்று நான் போட்ட சத்தத்தில் முதல்வர் அறையிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

சார் என் மேசைக்கு வந்தார். குடுவையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு புரொஜெக்டரின் சிவப்புக் கண்ணாடியை எடுத்து அதன் பின்னால் வைத்தார். நீலம் கறுப்பாகத் தெரிந்தது. "டீச்சர், இது செவப்ப முழுங்குது" என்றார் மெதுவாக. அந்த நீலம் அடியில் படிவதற்குள் அவசர அவசரமாகக் கடல்பாசியில் கலந்து உருண்டை பிடித்தோம். மறுநாள் விளக்கைப் போட்டபோது, செவ்வொளி நிறைந்த பால்கட்டியின் நடுவில் ஒரு சின்ன நிழல் மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல் நின்றது. நான் கைதட்டினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் மதியம் ரோஸ்லினை அழைத்து வந்தார். மெலிந்த உடம்பு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். அவளைக் கூட்டிவந்து காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதைப் பார்த்தால் இன்னும் பிடிவாதம்தான் கூடும் என்று அவர் காதில் சொன்னேன். கூடினால் கூடட்டும், அவளிடம் மறைக்கமாட்டேன் என்றார்.

முதலில் பொன் சேராத பால்கட்டியை விளக்கின் முன் வைத்தார். இதற்குள் ஓர் உருண்டை இருக்கிறது என்றார். ஒன்றும் தெரியவில்லையே என்றாள். எனக்கும் தெரியவில்லை என்றார் அவர். பிறகு பொன் சேர்ந்ததை வைத்தார். அவள் எழுந்து கிட்டே போய், அந்த நிழல் விழுந்த இடத்தின்மேல் ஒரு விரலை வைத்தாள். விரலை எடுக்காமலே, "எனக்கும் இதப் போட்டுப் பாருங்கண்ணே" என்றாள்.

அந்த நொடி அவர் முகத்தை நான் பார்த்தேன். சரி என்று சொல்ல அவருக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

"மாட்டேன்டி" என்றார். "இது ஒடம்புக்குள்ள போனா எங்க போகும், எங்க தங்கும், கெடுதல் செய்யுமா, ஒண்ணும் தெரியாது. கட்டியத் தேடிப் போய் ஒட்டுமான்னும் தெரியாது. இந்தப் பாலுக்குள்ள உருண்டைய வச்சது நாந்தான். அது எங்க இருக்குன்னு எனக்கு முன்னாலயே தெரியும். ஒன் ஒடம்புக்குள்ள எனக்கு என்ன தெரியும்?"

எப்போது தெரியும் என்று கேட்டாள். தெரியாது, என் ஆயுசுக்குள் வராமலும் போகலாம் என்றார். அவள் என் பக்கம் திரும்பி, உங்களுக்காவது தெரியுமா டீச்சர் என்றாள். அந்த முகத்தைப் பார்த்து ஏதாவது ஆறுதல் சொல்ல என் நாக்கு துடித்தது. எனக்கும் தெரியாதும்மா என்றேன். வாழ்க்கையில் அந்தச் சொல்லை நான் அவ்வளவு சிரமப்பட்டுச் சொன்னதில்லை.

அவள் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப தெரிஞ்சவியகிட்டயே போவோம்" என்றாள். "ஆனா நீங்களும் வரணும்ணே. அவிய தெரியும்னு சொன்னா, எப்படித் தெரியும்னு நீங்கதான் கேக்கணும்."

அவர் போய்க் கேட்டார். மதுரையில் அந்த அறுவை மருத்துவரை அவர் கேட்ட கேள்விகளை சாருடைய மனைவி கிரேஸ் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். கட்டி கெட்ட வகைதான், ஆனால் பரவியிருக்கவில்லை. எடுத்தார்கள். பிறகு கதிர் சிகிச்சைக்காகப் பல வாரம் அண்ணனும் தங்கையும் பேருந்தில் மதுரைக்குப் போய்வந்தார்கள். ஊர் திரும்பியபின் அவளால் அந்தப் பக்கத்துக் கையைத் தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. சார் வன்னியம்பட்டி வீட்டு உத்தரத்தில் ஒரு கிணற்றுக் கப்பியை மாட்டிக் கயிறு போட்டுக் கொடுத்தார். நல்ல கையால் ஒரு முனையை இழுத்தால் மற்றக் கை தானாக மேலே போகும். தினமும் வலியில் அண்ணனைத் திட்டிக்கொண்டே அவள் அதை இழுத்தாள்.

விளக்கு அவளுக்குத் தேவையில்லாமல் போனபிறகும் சார் அதை விடவில்லை. தொண்ணூறுகள் முழுவதும் கோடை வந்தால் பால், கடல்பாசி, பொன். நீலம் படியாமல் நிற்க என்ன செய்யலாம், துகள் எந்த அளவில் இருந்தால் எந்த ஒளியை விழுங்கும் என்று மாணவர்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பெரிய பேர் ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்காக அவர் ஏங்கியதாகவும் எனக்குத் தோன்றவில்லை. போன வருடம் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் பழைய மாணவி ஒருத்தி கல்லூரிக்கு வந்திருந்தாள். சிவப்பையும் தாண்டிய ஒளியை விழுங்கும்படி பொன்துகளையே இப்போது வடிவமைக்கத் தொடங்கியிருக்கிறார்கள் சார், ஒருநாள் எலிகளில்கூடப் பார்ப்பார்கள் என்றாள். அவர் முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "எலி நல்லாருக்குமா?" அது இன்னும் தெரியாது சார் என்று அவள் சொன்னதும், கரும்பலகையின் மூலையைக் காட்டி எழுது என்றார்.

அவள் எழுதியது இன்னும் அங்கேதான் இருக்கிறது. யாரும் அழிக்கக்கூடாது என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு விடை வரும் என்றே நம்புகிறேன். எங்கோ ஒரு ஊரில் ஒரு பெண் கத்திக்குப் பயந்து கட்டியை மறைக்க வேண்டியிராத காலமும் வரும். முதன்முதலில் செய்த பொன் கூழ்மத்தில் உப்புத் தண்ணீர் படாமல் தப்பிய மிச்சம் ஒரு சின்னக் குப்பியில் என் மேசைமேல் இருக்கிறது. எங்களுக்கு உதவாத அந்தச் சிவப்பு இத்தனை வருடமாகியும் துளிகூட மங்கவில்லை. ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று கேட்டால், அந்தக் குப்பியைச் சொல்லமாட்டேன்.

அடக்கத்தன்று வன்னியம்பட்டிக் கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். ரோஸ்லின் குனிந்து, கப்பியில் இழுத்து இழுத்துத் திரும்ப வாங்கிய அந்தக் கையாலேயே நிறைய மண் அள்ளி, தோளுக்குமேல் தூக்கிப் போட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள். போதகர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இருந்தாலும் என்னிடம் மெல்லக் கேட்டாள்.

"அண்ணன் இப்ப எங்க இருப்பாவ டீச்சர்?"

தெரியாதும்மா என்றேன். இந்த முறை அது சிரமமில்லாமல் வந்தது.

அவள் காலையிலிருந்து முதல்முறையாக அழுதாள். அழுகையோடேயே சிரித்து, "அண்ணன் மாதிரியே சொல்லுதீய" என்று மண் ஒட்டிய கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.